பழைய தரைப் பசையை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள்

பாளையங்கோட்டையில் 1970-களில் அலுவலகமாகக் கட்டப்பட்ட எங்கள் குடும்பக் கட்டடத்தின் மாடியை வீடாக மாற்றும் வேலையை ஒரு காண்டிராக்டரிடம் ஒப்படைத்திருந்தோம். தரையிலிருந்த பழைய வினைல் டைல்களிலும், அவற்றின் அடியிலிருந்த தார் போன்ற கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் இழை இருப்பதை ஆய்வகச் சோதனையில் முன்பே அறிந்திருந்ததால், எதையும் பெயர்க்காமல் அப்படியே மூடி மேலே புதுத் தரை போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம், அவரும் கையெழுத்திட்டார்.

தரை உயர்ந்தால் கதவுகளின் அடியை அறுக்க வேண்டியிருக்கும். அந்த வேலையை மிச்சப்படுத்த, நாங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, டைல்களைக் கடப்பாரையால் பெயர்த்து, பசையைத் தண்ணீர்கூட விடாமல் கிரைண்டிங் மெஷினால் தேய்த்திருக்கிறார். ஆடிக் காற்றில் அந்தத் தூசி கீழ்வீடு வரை படிந்துவிட்டது. கேட்டதற்கு, "தூசிதானே அண்ணாச்சி, கழுவிவிட்டா போயிரும்" என்றார். பெயர்த்த கூலி என்று பில்லிலும் தனியாகச் சேர்த்திருந்தார். தேய்த்த பையன்கள் முகத்தில் துண்டு மட்டுமே கட்டியிருந்தார்கள். அது என்ன தூசி என்று அவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பசைக்குள் இறுகிக் கிடக்கும் வரை ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் காற்றில் கலப்பதில்லை. உலர்வாகத் தேய்க்கும்போதும் உடைக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத துகளாகப் பறந்து, துணியையும் கடந்து நுரையீரலில் தங்குகின்றன. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படக்கூடும். அதனால்தான் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவுகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தினக்கூலிக்கு வந்த அந்தப் பையன்களுக்கோ எந்தப் பதிவும் கிடையாது.

சிவப்புச் சிமெண்டுத் தரையோ மொசைக்கோ உள்ள வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை வேண்டியதில்லை. ஆனால் பழைய அலுவலகம், மருத்துவமனை, குவார்ட்டர்ஸ் போன்றவற்றை வாங்குபவர்கள் கவனியுங்கள்: வினைல் ஆஸ்பெஸ்டாஸ் டைலுக்கு நம் நாட்டிலேயே இந்தியத் தர நிர்ணயம் இருந்தது. பார்வையால் கண்டறிய முடியாது. சோதித்துத்தான் ஆக வேண்டும்.

தேய்ப்பதில்லை என்று எழுதி வாங்கினால் மட்டும் போதாது. தரை மூடப்படும் நாளில் வீட்டார் ஒருவர் அங்கே நில்லுங்கள், அதுவரை அந்த வேலைக்கான பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே தூசி படிந்திருந்தால் துடைப்பத்தாலோ சாதாரண வாக்குவம் கிளீனராலோ பெருக்காமல், ஆட்களை வெளியேற்றி அறையை மூடிவிட்டு, இதில் பயிற்சி உள்ளவர்களை அழையுங்கள். கழிவைக் குளத்தங்கரையில் கொட்டவும் விடாதீர்கள். எங்கே ஒப்படைப்பது என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.