நிலவுக்கும் கோள்களுக்கும் சின்ன டெலஸ்கோப்: மக்சுதோவா, மேஜை டாப்சோனியனா, ரிஃப்ராக்டரா?

ஒரே ஆளாகத் தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டும். நிலவும் வியாழனும் சனியும் நன்றாகத் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துத் தேடினால் கடைசியில் மூன்று வகைதான் மிஞ்சும்: 127 மி.மீ. மக்சுதோவ், 130 மி.மீ. மேஜை டாப்சோனியன், 80 மி.மீ. ரிஃப்ராக்டர் (ஆடி இல்லாமல் லென்ஸால் மட்டும் ஒளியைக் குவிப்பது). மூன்றையும் பல இரவுகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். வெறும் விட்டத்தை (அந்த மி.மீ. எண், ஒளியை வாங்கும் லென்ஸ் அல்லது ஆடியின் அகலம்) வைத்து முடிவெடுத்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். வெளியே கொண்டுவந்து வைத்த பிறகு எவ்வளவு நேரத்தில் பார்க்க ஆரம்பிக்க வேண்டும் உங்களுக்கு? நான் முதலில் கேட்பது அதைத்தான்.

அதற்காக விட்டம் சும்மா இல்லை. 116 என்ற எண்ணை மி.மீ. கணக்கிலான விட்டத்தால் வகுத்தால், அந்தக் கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி வில்விநாடியில் (ஒரு பாகையின் 3600-ல் ஒரு பங்கு) கிடைக்கும். 80 மி.மீ. என்றால் 1.45. 127 என்றால் 0.91. 130-க்கு 0.89. நிலவின் தூரத்தில் ஒரு வில்விநாடி என்பது ஏறத்தாழ 1.9 கி.மீ. பிளேட்டோ என்ற பள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 100 கி.மீ. அகலம், அதன் தரையில் 2 கி.மீ. அளவில் சில குட்டிப் பள்ளங்கள் உண்டு. 80-ல் அந்தத் தரை ஒரே சாம்பல் நிறத் தட்டாகத்தான் எனக்குத் தெரிந்தது. 127-ல், காற்று அடங்கிய ஓர் இரவில், அதே தரையில் ஊசி குத்தினாற்போல வெளிறிய புள்ளிகள் தோன்றித் தோன்றி மறைந்தன. மறுபடி வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மக்சுதோவ் வகையை 1941-ல் வடிவமைத்தவர் சோவியத் ஒளியியலாளர் திமித்ரி மக்சுதோவ். முன்னால் கிண்ணம்போல வளைந்த தடித்த கண்ணாடி, பின்னால் குழியாடி. ஒளி உள்ளே மடங்கி மடங்கி வருவதால் 1500 மி.மீ. குவியத்தூரம் ஒரு முழம்கூட இல்லாத குழாய்க்குள் அடங்கிவிடுகிறது. கோள் பார்ப்பவருக்கு இது பெரிய வசதி. சாதாரண 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) போட்டாலே 150 மடங்கு பெரிதாகத் தெரியும். மடங்கைக் கூட்டும் பார்லோ லென்ஸ் தேவையில்லை. ஆடிகளைச் சீரமைக்கும் வேலையும் கிட்டத்தட்ட இல்லை.

குறை அந்தத் தடித்த கண்ணாடியிலும் மூடிய குழாயிலும்தான் இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்தால் உள்ளே மாட்டிக்கொண்ட வெப்பம் எளிதில் இறங்காது. ஒருமுறை எடுத்த எடுப்பில் சனியைப் பார்த்தேன். கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசுபோல நெளிந்தது. கருவியே சரியில்லை என்று நினைத்து மூடிவைக்கப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், வளையத்தின் ஓரத்தில் காசினி இடைவெளி (சனியின் வளையங்களைப் பிரிக்கும் கறுப்பு இடைவெளி) பென்சில் கோடுபோல நின்றது. அதே கருவி, அதே ஐபீஸ். அன்றிலிருந்து மக்சுதோவை முதலில் வெளியே வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பேன்.

மேஜை டாப்சோனியன் என்பது தாழ்வான சுழல் பெட்டியில் உட்காரும் நியூட்டன் வகை, அதாவது ஆடியால் ஒளியைக் குவிப்பது. ஸ்கை-வாட்சரின் ஹெரிடேஜ் 130 இதற்கு நல்ல உதாரணம். குழாயின் மேல்பாதியை உள்ளே தள்ளிச் சுருக்கலாம். ஒளியும் நுணுக்கமும் 127 மக்சுதோவுக்குச் சமம், சீக்கிரம் குளிர்ந்தும் விடும். ஆனால் குவியத்தூரம் 650 மி.மீ. மட்டும். அதே 10 மி.மீ. ஐபீஸில் 65 மடங்குதான் வரும். 130 மடங்குக்கு 5 மி.மீ. ஐபீஸ் வேண்டும். f/5, அதாவது குவியத்தூரம் விட்டத்தைப்போல ஐந்து மடங்குதான் என்பதால் ஆடிகள் கொஞ்சம் விலகினாலும் வியாழனின் பட்டைகள் மங்கிவிடும். ஆக, ஆடிகளைச் சீரமைக்கும் கோலிமேஷன் வேலையைப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை, பயப்பட ஒன்றுமில்லை. பெயர்தான் மேஜை டெலஸ்கோப். வைக்க ஆடாத ஸ்டூல் ஒன்று கிடைக்காமல் திண்டாடியவர்கள் நிறையப் பேர்.

ஒரு விஷயத்தில் மக்சுதோவ் இதன் பக்கத்திலேயே வர முடியாது. கார்த்திகைக் கூட்டத்தை முழுதாக ஒரே பார்வையில் பார்க்க இரண்டு பாகையாவது வேண்டும். ஹெரிடேஜில் அது தாராளமாக அடங்கும். மக்சுதோவில் 32 மி.மீ. ஐபீஸ் போட்டாலும் ஒரு பாகையைத் தாண்டுவது கடினம். நிலவு அரைப் பாகைதான் என்பதால் நம் விஷயத்துக்கு அது போதும்.

80 மி.மீ. ரிஃப்ராக்டரில் இரண்டு ரகம். f/5 அக்ரோமேட் (சாதாரணக் கண்ணாடி லென்ஸ் போட்டது) சின்னது, இலேசானது. ஆனால் நிலவின் விளிம்பிலும் வெள்ளியைச் சுற்றியும் ஊதா நிறம் பூசும். கோள்களுக்காக அதை வாங்காதீர்கள். அந்த நிறப் பிசிறைக் குறைக்கும் ஈ.டி. கண்ணாடி போட்டது வேறு தரம். நடுவில் எதுவும் ஒளியை மறைக்காததால் வியாழன் மேல் விழும் துணைக்கோளின் நிழல் மசிப்புள்ளிபோலக் கறுப்பாக, விளிம்பு சுத்தமாக இருக்கும். வெளியே வைத்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் தயார். ஆனாலும் 80 என்பது 80தான். உள்ளே வரும் ஒளி 127-க்கு வருவதில் பாதிகூட இல்லை. 120 மடங்குக்கு மேல் போனால் படம் மங்கத் தொடங்கும்.

வெளிப்பார்வைக்கு நியூட்டன் வகைபோலவே இருக்கும் இன்னொரு ரகத்தைத் தவிர்த்துவிடுங்கள். குழாய் அரை மீட்டர்தான் இருக்கும், குவியத்தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருக்கும். படத்தைத் தெளிவாக்கத் திருகும் ஃபோகஸருக்குள் ஒரு லென்ஸை ஒளித்துவைத்துத்தான் அந்த நீளத்தைக் கொண்டுவருகிறார்கள். அதைச் சீரமைப்பது பெரும்பாடு. பெட்டிமேல் 500 மடங்கு என்று போட்டிருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம் முக்காலி. டாப்சோனியனுக்கு இந்தத் தலைவலி இல்லை, மற்ற இரண்டுக்கும் உண்டு. 150 மடங்கில், 50 பாகைக் காட்சி தரும் ஐபீஸ் வழியே வானத்தின் 20 கலைகள், அதாவது மூன்றில் ஒரு பாகைதான் தெரியும். பூமி சுழல்வதால் கோள் அதைச் சுமார் 80 விநாடியில் கடந்து போய்விடும். ஒவ்வொரு நிமிடமும் கருவியைத் தொட்டு நகர்த்தியாக வேண்டும். தொட்டவுடன் ஐந்து விநாடி ஆடுகிற முக்காலி என்றால் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்? வாங்குமுன் குழாயை விரலால் தட்டுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் ஆட்டம் நின்றால் சரி. நிற்காவிட்டால் எவ்வளவு நல்ல மக்சுதோவும் அதன்மேல் வீண். தானாகப் பின்தொடரும் மோட்டார் தாங்கியும் மக்சுதோவும் நல்ல ஜோடி. கையை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருக்கலாம்; கோள்களின் நுணுக்கம் அப்படிப் பார்த்தால்தான் பிடிபடும்.

என்னிடம் இப்போது ஒன்றுதான் இருக்கலாம் என்றால் 127 மக்சுதோவை வைத்துக்கொள்வேன். முக்கால் மணி நேரம் முன்னதாக எடுத்துவைக்க என்னால் முடியும். தினமும் அரைமணிதான் கிடைக்கும் என்பவர் ஈ.டி. ரிஃப்ராக்டருக்குப் போகலாம், அந்த அரைமணியில் அதுதான் அதிகம் காட்டும். நிலவு இல்லாத இரவுகளில் நெபுலாக்களும் பார்க்க ஆசை என்றால் டாப்சோனியன். 90 மி.மீ. மக்சுதோவ் பயணப் பைக்குள் போகும், சீக்கிரம் குளிரும். ஆனால் ஒளி 127-ல் பாதி.

சனிக்கு அவசரம் வேண்டாம். 2025 மார்ச்சில் வளையங்கள் நமக்கு விளிம்பைக் காட்டி மெலிந்துபோயின. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே வரும், காசினி இடைவெளியும் எளிதாகும். மக்சுதோவ் வாங்குபவர் அடுத்த ஐபீஸுக்கு முன்னால் பனி மறைப்புக் குழாய் ஒன்றை வாங்கிவிடுங்கள், அல்லது கறுப்பு அட்டையைச் சுருட்டி முன்னால் மாட்டுங்கள். இல்லையென்றால் காற்று நன்றாக அடங்கும் நேரத்தில் முன்கண்ணாடி பனித்துக் கோள் மங்கிவிடும்.