சென்டினல்-2 படங்களில் ஆர்க்டிக் தூந்திரா: பினாங்கிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

செம்பனைத் தோட்டங்களை வரைபடமாக்கிப் பழகிய கை என்னுடையது. கனடாவின் மெக்கன்சி கழிமுகப் பக்கம், டக்டோயாக்டக் வட்டாரத் தூந்திராவை, அதாவது மரமில்லாத குளிர் நிலத்தை, எங்கே என்ன நிலம் என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பினாங்கில் உட்கார்ந்து வகை பிரிக்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஓடிவிட்டன. "ஐஸ்ல என்னய்யா பிரிக்க இருக்கு?" என்று மாமாக் கடையில் கேட்பார்கள். நிறைய இருக்கிறது.

சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசம், அதுவும் தாராளமாகக் கிடைக்கும். நிலநடுக்கோட்டில் 5 நாளுக்கு ஒரு படம் என்பது கணக்கு. நமக்கு அதில் பாதி மேகம். வடக்கே போகப் போகச் சுற்றுப்பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் இன்னும் அடிக்கடி படம் வரும். ஆனால் ஜூன் வரை பனி கிடக்கும், செப்டம்பரில் மறுபடி விழத் தொடங்கும். இங்கே செய்வதுபோல் வருடம் முழுக்க உள்ள படங்களை ஒன்றாக்கினால் பனியும் காய்ந்த புல்லும் கலந்து எதுவும் தெரியாது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரைதான் நான் நம்புவது. காட்டுத்தீ வருடமென்றால் அதிலும் புகை. புகைமூட்டம் நமக்குப் புதிதா என்ன?

பெரிய தலைவலி பனி ஆப்புப் பலகோணங்கள். குளிரில் நிலம் வெடித்து, அந்த வெடிப்பில் உருகுநீர் இறங்கி உறைந்து, வருடாவருடம் தடித்து, இரு பக்கமும் மண்ணை மேடாகத் தள்ளுகிறது. மேலிருந்து பார்த்தால் கெடா வயல்தான்: சுற்றி வரப்பு, நடுவில் தண்ணீர். வரப்பில் லைக்கனும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் படர்வு) குறுஞ்செடியும், நடுவில் கோரை. ஒரு பலகோணம் பெரும்பாலும் 10 முதல் 30 மீட்டர். சென்டினலின் பிக்சலோ, அதாவது படத்தின் ஒரு கட்டமோ, 10 மீட்டர். வரப்பும் தண்ணீரும் ஒரே கட்டத்தில் விழுந்து, இரண்டுமல்லாத ஒரு நிறம் வரும். இதற்கு 2 மீட்டர் ஆர்க்டிக்டெம் உயரத் தரவைச் சேர்த்துக்கொள்வேன். மேடு எது, பள்ளம் எது என்று அது காட்டிவிடும்.

செடியின் பசுமையை அளக்கும் என்டிவிஐ குறியீட்டை மட்டும் நம்பக் கூடாது. வெளிறிய லைக்கன் படர்ந்த மேடு அதில் வெறும் சரளை நிலம் மாதிரித்தான் தெரியும். பிக்சல் 20 மீட்டர்தானே என்று பலர் ஒதுக்கும் குறு அலை அகச்சிவப்புப் பட்டைகள்தான் இங்கே உழைப்பாளிகள். நீர் அந்த ஒளியை உறிஞ்சிவிடுவதால் ஈரக் கோரை நிலம் இருண்டு தனியாகப் பிரியும்.

உலகம் முழுக்க நிலவகை காட்டும் ஆயத்த வரைபடங்களில், வேர்ல்டுகவர் என்பதில் பாசி, லைக்கனுக்குத் தனி வகுப்பு உண்டு. டைனமிக் வேர்ல்டு என்ற இன்னொன்றின் 9 வகுப்புகளில் அது கிடையாது. அதனால் இந்த வேலைக்கு இரண்டாவதை நான் எடுப்பதே இல்லை.

அப்புறம், உருண்டைப் பூமியைத் தட்டையான வரைபடமாக்கும் முறை, அதாவது புரொஜெக்‌ஷன். இணைய வரைபடங்களில் வழக்கமாக வரும் வெப் மெர்கேட்டரில் பினாங்கைத் திறந்தால் நீட்டல் கண்ணுக்கே தெரியாது. டக்டோயாக்டக் 69 பாகைக்கும் மேலே இருப்பதால் நீளம் ஏறக்குறைய 2.8 மடங்கு, பரப்பு 8 மடங்கு ஊதிவிடும். துருவப் பகுதிக்கான சமப்பரப்பு புரொஜெக்‌ஷனுக்கு மாற்றிய பிறகுதான் ஹெக்டேர் கணக்கு. புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். மற்றது செய்யச் செய்யப் பிடிபடும்.