இடையங்களை ஒப்பிட எழுமாற்றுச் சோதனையா, மான்–விட்னியா?

தலவாக்கலைப் பக்கத்து மலையொன்றில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பத்துப் பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஐவரைக் கையாலும் ஐவரைக் கத்தரியாலும் பறிக்கவிட்டதாக வைத்துக்கொள்வோம். தராசில் கைக்குழுவுக்கு 14, 16, 17, 18, 24 கிலோவும், கத்தரிக்குழுவுக்கு 19, 20, 22, 23, 41 கிலோவும் விழுகின்றன. அந்த 41 சராசரியைத் தூக்கிவிடும் என்பதால் இடையத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் நிறையை, பார்க்கிறோம்: 17 உம் 22 உம், வித்தியாசம் 5 கிலோ.

கருவியால் வேறுபாடே இல்லையெனில் இந்தப் பத்து நிறைகளும் எந்தக் குழுவிலும் விழுந்திருக்கலாம் என்பதே எழுமாற்றுச் சோதனையின் அடிப்படை. (புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935 இல் இத்தகைய சிந்தனைக்குக் காட்டிய உதாரணமும் தேநீர்தான்: எட்டுக் கோப்பைகளை நான்கு நான்காகப் பிரிக்க 70 வழிகள்.) பத்தை ஐந்தைந்தாகப் பிரிக்க 252 வழிகள் உள்ளன, அவற்றுள் 48 இல், எத்திசையிலேனும், இடைய வித்தியாசம் 5 கிலோவோ அதற்கு மேலோ வருவதால் பி-பெறுமானம் (வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாய் வரும் வாய்ப்பு) 0.19 ஆகிறது. மான்–விட்னி சோதனையோ நிறைகளை விட்டு அவற்றின் வரிசை எண்களை மட்டும் கூட்டுகிறது; அதில் இவ்வளவு சாய்வு 24 பிரிவுகளிலேயே வருவதால் விடை 0.095.

ஒரே தராசுக் கணக்குக்கு இரண்டு விடைகள் வரக் காரணம், இடையம் நடுவில் நிற்பவரை மட்டும் காண்பதுதான். இங்கே இடைய வித்தியாசம் 1 முதல் 6 வரையான ஆறு அளவுகளையே எடுக்கும்; இரு குழுக்களும் முற்றாகப் பிரிந்து நின்றாலும் பெறுமானம் 0.048 க்குக் கீழே இறங்காது. வரிசை எண் முறையில் அது 0.008 வரை போகும். பத்துப் பேருக்குமான பொது இடையத்துக்கு மேலே ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணும் மூடின் இடையச் சோதனை இன்னும் மழுங்கலானது; இந்தத் தராசுக் கணக்குக்கு அதன் விடை 0.21.

ஆயினும் மான்–விட்னி கேட்கும் கேள்வி வேறு: ஒரு குழுவில் ஒருவர் மற்றக் குழுவில் ஒருவரை மிஞ்சும் வாய்ப்பு எவ்வளவு என்பதே அது. இரு பரம்பல்களும், அதாவது இரு குழுக்களின் நிறைகள் பரவிக்கிடக்கும் விதமும், ஒரே வடிவில் இருந்தாலன்றி அதை இடையங்களின் தீர்ப்பாக எழுதக் கூடாது. இங்கோ கத்தரிக்குழுவின் நிறைகள் அதிகம் சிதறியுள்ளன. ஆகவே கருவியால் ஏதேனும் மாற்றம் உண்டா என்று மட்டும் அறிய மான்–விட்னியையும், அறிக்கையில் இடையத்தையே எழுத வேண்டுமெனில் எழுமாற்றுச் சோதனையையும் எடுப்பேன். குழுவுக்கு இருபது பேரானால் பிரிவுகள் 13,784 கோடியைத் தொடும். அப்போது கணினியில் 10,000 முறை குலுக்கி, உண்மையான பிரிவையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணினால் போதும்.

சீட்டுக் குலுக்காமல், கை வேகமுள்ளவர்களைப் பார்த்துப் பார்த்துக் கங்காணி கத்தரிக் குழுவில் சேர்த்திருந்தால், இவற்றில் எந்தச் சோதனையும் கருவியைப் பற்றி எதுவும் சொல்லாது.