சக்கர பேரிங்: 58,000 கிலோமீட்டரில் நான் பார்த்தது

என் பைக் 58,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பேரிங் என்பது இரண்டு இரும்பு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும் பாகம்; ஆக்சில் என்ற அச்சின் மேல் சக்கரத்தை வழுக்கிச் சுற்ற வைப்பது அதுதான். பின் சக்கரத்தில் இப்போது ஓடுவது மூன்றாவது செட் பேரிங், முன் சக்கரத்தில் இரண்டாவது. வண்டியோடு வந்த பின் பேரிங் 27,000 வரை உழைத்தது. அதற்கு மாற்றாகப் போட்ட இரண்டாவது செட் 6,000 கிலோமீட்டரிலேயே போய்விட்டது. மூன்றாவதை நானே மாட்டினேன். 25,000 கிலோமீட்டர் ஓடியும் இன்னும் வழவழவென்று சுற்றுகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே கம்பெனி, ஒரே நம்பர். மாட்டிய விதம்தான் வேறு.

முதல் செட் போனதை நான் காதால் கண்டுபிடிக்கவில்லை. செயினும் டயரும் போடும் இரைச்சலில் பேரிங் சத்தம் தனியாகக் கேட்பதற்குள் அது பாதி செத்திருக்கும். எனக்கு முதலில் தெரிந்தது, வளைவில் திரும்பும்போது பின்பக்கம் லேசாக அலைந்ததுதான். டயரில் காற்று குறைவு என்றே சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, டயரை மேலும் கீழுமாக இரண்டு கையால் பிடித்து ஆட்டியபோது 'டக் டக்' என்று கையில் தட்டியது. செயினைச் சரிபார்க்க வண்டியை நிறுத்தும் போதெல்லாம் இந்தச் சோதனையையும் செய்துவிடுவது நல்லது. அரை நிமிட வேலை. ஆனால், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் என்ற கையின் மூட்டில் இருக்கும் புஷ் தேய்ந்திருந்தாலும் இதே ஆட்டம் வரும். ஸ்விங் ஆர்மை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சக்கரம் மட்டும் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதைவிட நம்பகமான சோதனை சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான். ஆக்சிலை உருவிவிட்டு, பேரிங்கின் உள் வளையத்துக்குள் விரலை விட்டு மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் எண்ணெயில் சுற்றுவது மாதிரி ஒரே சீராகச் சுற்றும். கெட்டது மணலை அரைப்பது மாதிரி நெருடும், அல்லது குறிப்பிட்ட இடங்களில் கடிபட்டு நிற்கும். டயர் மாற்றக் கழற்றும்போது இதைச் செய்யாமல் சக்கரத்தைத் திரும்ப மாட்டவே கூடாது.

இரண்டாவது செட் ஏன் அவ்வளவு சீக்கிரம் போனது என்பது என்னைத் தூங்கவிடவில்லை. 17 அங்குலச் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்றுதான் சுற்றும். இந்த அளவு பேரிங்குகள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேல் தாங்கக்கூடியவை. வெறும் ஓட்டத்தால் 6,000 கிலோமீட்டரில் தேய வழியே இல்லை. கழற்றிய பேரிங்கின் வெளி வளையத்தை கிரைண்டரால் அறுத்துப் பிரித்து, பெட்ரோலில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். குண்டு ஓடும் பள்ளத்தின் ஒரு ஓரமாக, சம இடைவெளியில் சின்னச் சின்னக் குழிகள். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் என்ன இடைவெளியோ அதே இடைவெளி. மாட்டும்போது உள் வளையத்தின் மேல் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். அந்த அடி குண்டுகள் வழியாக இறங்கி, புதுப் பேரிங்கின் பாதையிலேயே தழும்பை உண்டாக்கிவிட்டது. சக்கரத்தில் ஏறும் முன்பே அதன் ஆயுள் முடிந்துபோயிருக்கிறது.

அதனால் மூன்றாவது செட்டை நானே மாட்டினேன். பழையதைக் கழற்றுவதுதான் இதில் முரட்டு வேலை. முதலில் பேரிங்கை வெளியிலிருந்து மூடியிருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை நெம்பி எடுங்கள். சில ஹப்களில் (சக்கரத்தின் நடுக்குடம்) சர்க்ளிப் என்ற பூட்டு வளையமும் இருக்கும், அதைக் கவனிக்காமல் அடித்தால் ஹப் உடையும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் குழாய் இருக்கும். அதை ஓரமாகத் தள்ளினால் எதிர்ப்பக்கப் பேரிங்கின் விளிம்பு கொஞ்சம் தெரியும். நீளமான கம்பியை அங்கே வைத்து, இடம் மாற்றி மாற்றித் தட்டி வெளியே கொண்டுவர வேண்டும். ஹப்பைச் சூடு காட்டினால் வேலை பாதியாகும். அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் பிடி தளர்ந்துவிடும். இப்படி அடித்து எடுத்த பேரிங்கைத் திரும்பப் போடாதீர்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் சரி.

புதியவற்றை முந்தின இரவே பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். சூடான ஹப்பில் முதல் பேரிங் கிட்டத்தட்டத் தானாகவே இறங்கியது. மிச்சத்துக்கு, வெளி வளையத்தில் மட்டும் உட்காரும் அளவுள்ள ஒரு ஸ்பேனர் சாக்கெட்டை வைத்துத் தட்டினேன். அடிமட்டம் வரை போய் உட்கார்ந்ததும் 'டொக்' சத்தம் மாறி கெட்டியாகக் கேட்கும். அப்புறம் ஸ்பேசர். இதைப் போட மறந்துவிட்டு இரண்டாவது பேரிங்கை அடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஸ்பேசர் இல்லாமல் ஆக்சில் நட்டை முறுக்கினால் உள் வளையங்கள் இரண்டும் உள்நோக்கி நெரிபட்டு, சில நாளில் சக்கரம் இறுகும்.

இரண்டாவது பேரிங்கில்தான் நிதானம் வேண்டும். அதன் உள் வளையம் ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் அடித்தால் ஸ்பேசர் உள் வளையத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், குண்டுகள் எப்போதும் பக்கவாட்டு அழுத்தத்திலேயே ஓடும். விரலால் ஸ்பேசரை நகர்த்திப் பார்ப்பேன். லொடலொட என்று ஆடவும் கூடாது, அசையாமல் இறுகவும் கூடாது. கொஞ்சம் அழுத்தினால் நகர வேண்டும்.

வாங்கும்போது பழையதில் பொறித்திருக்கும் நம்பரைப் பார்த்தால் போதும். என் பின் சக்கரத்தில் 6302. உள்ளே 15 மி.மீ., வெளியே 42, அகலம் 13. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் பக்கம் தனியாக ஒரு 6204 இருக்கிறது, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நம்பருக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். இசட்இசட் என்றால் தகடு மூடி. தகடு தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. சக்கரத்துக்கு ரப்பர் சீல்தான் சரி. ஆயில் சீலையும் கையோடு மாற்றிவிடுங்கள். பழைய சீலின் உதடு கெட்டியாகிப் போயிருக்கும்.

முன் சக்கரத்தின் பேரிங் 41,000 வரை வந்தது. அது போனது தண்ணீரால். பிரஷர் பம்பில் ஹப்பை நேராக அடித்துக் கழுவிக்கொண்டிருந்தேன். பிரித்தபோது கிரீஸ் பால் கலந்த காபி மாதிரி வெளுத்திருந்தது. அதற்கு முன்பே பிரேக் லீவர் ஒரு அறிகுறி காட்டியிருக்கிறது. மேடுபள்ளத்தில் ஓட்டிய பிறகு முதல் பிடியில் லீவர் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். பேரிங் ஆட்டத்தில் பிரேக் டிஸ்க் அலைந்து பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளியதால் வந்தது அது.

புதிய முன் செட்டில் சீலைத் திறந்து கிரீஸை நிறைய அடைத்துப் பார்த்தேன். அதிகமானதெல்லாம் உதடு வழியாகக் கசிந்து ஹப்பில் அழுக்கைச் சேர்த்தது. தொழிற்சாலையில் உள்ளே இருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நிரப்புகிறார்கள், அதுவே போதும். பின் செட்டில் கை வைக்கவில்லை.

போன மாதம் முன் சக்கரத்தைக் கழற்றியபோது இடது பேரிங்கில் மட்டும் மிக லேசான நெருடல் இருந்தது. ஆட்டம் இல்லை. புதுச் செட்டும் சீலும் வாங்கி வைத்துவிட்டேன். அடுத்த டயர் மாற்றும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றப் போகிறேன்.