காண்ட்ராவைச் சுவரில் மாட்ட: மார்க்கரா, டேப்லட்டா, குவாஷா?

சின்ன வயதில் நானும் தம்பியும் காண்ட்ரா என்கிற வீடியோ கேம் ஆடும்போது நீல பேன்ட் எனக்கு, சிவப்பு பேன்ட் அவனுக்கு. மூத்தவன் என்கிற ஒரே தகுதியில் முதல் ஆள் நான். பில், லான்ஸ் என்று அந்த இரண்டு பேருக்கும் பெயர் இருப்பதே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எங்களுக்கு அவர்கள் நீலம், சிவப்பு, அவ்வளவுதான்.

அந்த விளையாட்டின் முதல் ஸ்டேஜைப் பெரிதாக வரைந்து சுவரில் மாட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. காடு, கறுப்பு வானம், ஓட ஓடக் காலுக்கடியில் வெடிக்கிற பாலம், கீழே தண்ணீர். தண்ணீருக்குள் நின்று கீழ் பட்டனை அழுத்தினால் ஆள் தலையோடு முழுகிவிடுவான், குண்டு படாது. தம்பி பாதி ஆட்டத்தை அங்கேதான் கழிப்பான். இந்தக் காட்சியை மூன்று தடவை வரைந்திருக்கிறேன்: முதலில் ஆல்கஹால் மார்க்கரில், அடுத்து கணினியோடு இணைத்து வரைகிற டேப்லட்டில், கடைசியாகத் தண்ணீர் கலந்து பூசுகிற குவாஷ் பெயின்டில். இப்போது சுவரில் இருப்பது குவாஷ். ஆகவே நடுநிலை எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

எது வேகம், எது சுத்தம் என்பதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. மார்க்கர் வேகம், டேப்லட் சுத்தம், குவாஷ் இரண்டும் இல்லை. கிண்ணம் கழுவ வேண்டும், பிரஷ் கழுவ வேண்டும், மேசையில் பழைய செய்தித்தாள் விரிக்க வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் டேப்லட் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பே இல்லை.

வரையப்போகும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் டிவியோடு இணைத்து ஆடிய பழைய 8-பிட் இயந்திரத்தில் காண்ட்ராவின் திரை மொத்தமே 256க்கு 240 புள்ளி. ஓடுகிற ஆளை 8க்கு 8 புள்ளிச் சதுரங்களாக அடுக்கித்தான் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்றே நிறம். முழுத் திரையிலும் ஒரே நேரத்தில் 25 நிறத்துக்கு மேல் வராது. நிழல் மெல்ல மெல்லக் கரைந்து வெளிச்சமாவது போன்ற வித்தைக்கெல்லாம் அங்கே இடமில்லை. பச்சை என்றால் பச்சை, அதற்கு அடுத்த புள்ளியில் கறுப்பு. இந்தத் தட்டையான, அடர்த்தியான நிறம்தான் நம் மனசில் பதிந்திருக்கிறது. அதைக் காகிதத்தில் கொண்டுவர எந்தக் கருவி தோது என்பதுதான் என் முதல் கேள்வியாக இருந்தது. இரண்டாவது கேள்வி பின்னால் வந்தது, கொஞ்சம் வலியோடு.

டேப்லட்டில் என் அனுபவம் குறைவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். நண்பரிடம் இரவல் வாங்கிய, திரை இல்லாத ரகம். கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். மூன்று மாதம் வைத்திருந்தேன். கை பழகவே முதல் மாதம் போய்விட்டது. ஆனால் தட்டை நிறம் நிரப்புவதில் அதை அடிக்க ஆளில்லை. ஒரு தட்டில் கறுப்பு வானம் முழுசும் தயார். லேயர் லேயராகப் பிரித்து வைத்தால் பாலத்தைத் தொடாமல் மரத்தை மட்டும் மாற்றலாம். என்னை அடித்தது அன்டூ, அதாவது போட்ட கோட்டை ஒரே தட்டில் ரத்து செய்யும் வசதி. லான்ஸ் துப்பாக்கி பிடித்திருக்கும் கையை நானும் வரைகிறேன், அழிக்கிறேன், வரைகிறேன். மூன்று மாதத்தில் கை மட்டும் மிகப் பிரமாதமாக வந்திருந்தது. அவனுக்குக் கால் இல்லை. இது கருவியின் குற்றமா, என் குணமா என்று கேட்டால் என் குணம்தான்.

ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து நிறத்தை அப்படியே உறிஞ்சி எடுக்கலாமே, அது டேப்லட்டுக்குப் பெரிய வசதி இல்லையா என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பழைய விளையாட்டைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் மென்பொருள் இரண்டில் ஒரே காட்சியை எடுத்து வைத்துப் பார்த்தால் லான்ஸின் சிவப்பு இரண்டு விதமாக இருக்கிறது! காரணம், அந்தப் பழைய இயந்திரம் நிறத்தை இன்றைய கணினி மாதிரி இவ்வளவு சிவப்பு, இவ்வளவு பச்சை, இவ்வளவு நீலம் என்று அளவாக வைத்திருக்கவே இல்லை. டிவிக்குப் போகும் சிக்னலை நேரடியாக அனுப்பியது. அதை எந்தச் சிவப்பாகக் காட்டுவது என்பது அந்தந்த டிவியின் பாடு. எமுலேட்டர் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகச் சரியான சிவப்பு என்று ஒன்று கிடையாது. நம் வீட்டு டிவி காட்டிய சிவப்புதான் நமக்குச் சிவப்பு. அதைக் கண்ணால் கலந்துதான் பிடிக்க வேண்டும்.

மார்க்கருக்கு வருகிறேன். வரையும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்கு மார்க்கருக்குத்தான் முதல் பரிசு. மூடியைக் கழற்றினால் வேலை தொடங்கிவிடும். தண்ணீர் வேண்டாம், காய்வதற்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் பெரிய பரப்பில் வரி வரியாகக் கோடு விழும். ஒரு கோடு காய்ந்தபிறகு அடுத்ததை ஒட்டிப் போட்டால் விளிம்பு இரட்டிப்பாகித் தெரியும். காகிதத்தின் முதுகு வழியாக மை ஊறி அடுத்த பக்கத்தையும் கறையாக்கும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவைதான். நான் பொறுத்துக்கொண்டேன். ஃப்ரேம் போட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான். படத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "ஏண்ணா, உன் ஆளு மட்டும் புதுசாவே இருக்கான், என் ஆளு பேன்டை என்ன தினமும் துவைச்சுப் போடுறியா?" என்றான்.

தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் சொன்ன பிறகுதான் ஃப்ரேமைக் கழற்றினேன். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை மறைத்திருந்த விளிம்பில் ஒரு விரற்கடை அகலத்துக்கு, வெடிக்கிற பாலத்தின் நெருப்பு, நான் தீட்டிய அன்று இருந்த அதே ரத்தச் சிவப்பு. அட்டையின் ஓரம் முடிகிற இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி அது நின்று, அதற்கு இந்தப் பக்கம் வெளிறிப்போன ரோஜா. லான்ஸின் பேன்டும் அதே கதி. உடம்பின் தோல் நிறம் கிட்டத்தட்டக் காகித நிறத்துக்கே வந்திருந்தது. நீலம் மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்திருந்தது.

என்னைக் கேட்டால் இந்த ஒப்பீட்டில் மற்றதெல்லாம் சில்லறை. நிறம் நிற்குமா என்பதுதான் தீர்ப்பு. மார்க்கர் மையில் பெரும்பாலும் இருப்பது சாயம். சாயம் தண்ணீரில் சர்க்கரை மாதிரி மைக்குள் முழுசாகக் கரைந்துவிடுகிறது. பெயின்டில் இருக்கும் நிறமி கரையாது, நுண்ணிய தூளாகவே பசையில் கலந்து நிற்கும். வெளிச்சம், அதிலும் புற ஊதாக் கதிர், நிறம் தரும் மூலக்கூறைத் தாக்கி உடைக்கிறது. சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தனியாக வெட்டவெளியில் நிற்கிறது. தூளிலோ வெளியே இருப்பது அடிவாங்கினாலும் உள்ளே இருப்பது தப்பிக்கிறது. காண்ட்ரா ஆடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அருங்காட்சியகங்களில் இதை அளக்கவே நீலக் கம்பளித் துணிப் பட்டைகள் எட்டு வைத்திருப்பார்கள். முதல் பட்டை சீக்கிரம் வெளுக்கும், அடுத்தடுத்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் தாங்கும். நமக்கு அவ்வளவு வேண்டாம். கைவசம் இருக்கும் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு நீளக் காகிதத்தில் பட்டையாகப் பூசி, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் மூன்று மாதம் ஒட்டிவைத்தால் போதும். நான் வைத்துப் பார்த்தேன். மார்க்கரில் சிவப்பும் ரோஜாவும் ஊதாவும் போய்விட்டன. குவாஷில் அல்ட்ராமெரின் நீலம், மஞ்சள் காவி, வெள்ளை, கறுப்பு எதிலும் அட்டையின் கோடே தெரியவில்லை.

ஆனால் குவாஷிலும் ஒரு ட்யூப் என்னைக் கவிழ்த்தது. பளீரென்று கண்ணைக் கூசும் ரோஜா நிறம், மார்க்கரை விட மோசமாக வெளுத்தது. பின்னால்தான் விவரம் புரிந்தது. டிசைனர் குவாஷ் என்று வருவது அந்தக் காலத்தில் விளம்பரப் படம் வரைகிறவர்களுக்காகச் செய்தது. படம் அச்சானதும் மூலத்துக்கு வேலை இல்லை. அது பத்து வருஷம் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதனால் மின்னுகிற சில நிறங்களில் இன்றும் ஓடிப்போகிற சாயம்தான். ட்யூபின் முதுகில் பொடி எழுத்தில் நிறமியின் குறியீடு இருக்கும், அதைப் படிக்காமல் வாங்கக் கூடாது. பி.பி. 29 என்றால் அல்ட்ராமெரின், நம்பலாம். பி.ஆர். 254 என்கிற சிவப்பும் நம்பலாம். லான்ஸின் பேன்டுக்கு இப்போது அதுதான். பி.ஆர். 83 என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அழகான நிறம்தான், ஆனால் தங்காது. வெளிச்சத்தை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஏஎஸ்டிஎம் தரம் 1 அல்லது 2 என்று போட்டிருந்தால் இன்னும் நிம்மதி.

குவாஷ் தெரியாதவர்களுக்கு: பள்ளியில் போஸ்டர் கலர் என்று குப்பியில் வருமே, அதற்கு மூத்த சொந்தம். வாட்டர்கலர் போலக் காகிதத்தைக் காட்டிக்கொடுக்காது, மூடிவிடும். காய்ந்தால் பளபளப்பு இல்லாத, சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஒரு பரப்பு. எட்டு பிட் விளையாட்டின் தட்டை நிறத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கறுப்பு வானத்தின் மேல் பச்சை ஓலையை நேராகப் போடலாம். மார்க்கரில் அது நடக்காது. வெளிர் நிறம் வரவேண்டிய இடத்தை முதலிலேயே பூசாமல் விட்டுவைக்க வேண்டும். ஆறு ட்யூபில் முழுக் காட்சியும் முடிந்தது. மொத்தமே 25 நிறத்தில் ஓடிய விளையாட்டுக்கு அதற்கு மேல் எதற்கு?

தொல்லை இல்லை என்று சொல்லமாட்டேன். வெளிர் நிறம் காய்ந்தால் கொஞ்சம் கறுக்கும், அடர் நிறம் காய்ந்தால் கொஞ்சம் வெளுக்கும். அதனால் கிண்ணத்தில் பார்த்த சிவப்பு காகிதத்தில் வராது. துண்டுக் காகிதத்தில் தடவிக் காயவிட்டுப் பார்த்தபிறகுதான் படத்தில் கைவைக்க வேண்டும். காய்ந்தபிறகும் தண்ணீர் பட்டால் கரையும். மேலே பூசும்போது அடி நிறம் எழுந்து கலங்கிவிடும், பாலத்தின் பழுப்பில் எனக்கு அப்படித்தான் சேறானது. தயிர்ப் பதத்துக்குக் கெட்டியாக எடுத்து, ஒரே இழுப்பில் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ரொம்பக் கெட்டியானால் வெடிக்கும். காகிதம் 300 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்தால் சுருளும். விரல் நகம் பட்டாலே கோடு விழும் என்பதால் கண்ணாடி கட்டாயம். கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் மவுண்ட் அட்டையும் வேண்டும். காய்ந்தபின் கரையாத அக்ரிலிக் குவாஷ் என்று ஒன்று உண்டு. நான் தொட்டதில்லை, அதைப் பற்றித் தொட்டவர்கள் சொல்லட்டும்.

டேப்லட்காரர்கள் இங்கே கைதூக்குவார்கள்: ஃபைல் வெளுக்காதே! உண்மை. சுவருக்கு வரவேண்டும் என்றால் பிரிண்ட் போட வேண்டும். பிரிண்டர் மையிலும் சாயம், நிறமி என்று அதே இரண்டு ஜாதி. சாய மையில் போட்டால் மார்க்கர் கதைதான். "மங்கினால் இன்னொன்று போட்டுக்கொள்வேன்" என்பது அவர்களின் பலமான பதில், அதை என்னால் மறுக்க முடியவில்லை. திரையிலேயே பார்த்து ரசிக்கவும், நண்பர்களுக்கு அனுப்பவும் வரைகிறவர்களுக்கு டேப்லட்தான் சரி. வரைந்ததை விற்கிற எண்ணம் இருந்தால் அது வேறு விவகாரம். பில்லும் லான்ஸும் விளையாட்டைச் செய்த கொனாமி நிறுவனத்தின் சொத்து, நம் சுவரோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது.

குவாஷ் படம் மாட்டி இரண்டு வருஷம்தான் ஆகிறது. மார்க்கர் ஒன்றரை வருஷத்தில் விழுந்ததோடு ஒப்பிட்டால் ஜெயித்துவிட்டது. இருபது வருஷம் நிற்குமா என்று என் கண்ணால் பார்த்துச் சொல்ல இன்னும் பதினெட்டு பாக்கி. இந்தத் தடவை ஜன்னலுக்கு எதிரே மாட்டவில்லை, ஜன்னல் இருக்கிற அதே சுவரிலேயே மாட்டினேன், நேர் வெயில் தொடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ரேமைக் கழற்றி, அட்டைக்கு அடியில் இருக்கும் சிவப்பையும் வெளியே இருக்கும் சிவப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இதுவரை கோடு விழவில்லை.

மார்க்கர்களைத் தம்பி மகளிடம் கொடுத்துவிட்டேன். அவள் நோட்டில் வரைகிறாள், வரைந்ததும் நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறாள். மூடிய நோட்டுக்குள் வெயில் போகாது. அவளுடைய சிவப்பு என்னுடைய பழைய சிவப்பை விட நாள் தாங்கும்.