மூடிய டோரன்ட் குழுவும் யூஸ்நெட்டும்: பழைய இசைத்தட்டு தேடுகிறவரின் அனுபவம்

பழைய இசைத்தட்டுகளின் ஒலிப்பதிவுகளைத் தேடிப் போகிறவர்கள் கடைசியில் இரண்டு இடங்களில் வந்து நிற்பார்கள். ஒன்று, உறுப்பினர்கள் தங்கள் கணினிகளிலிருந்து ஒருவருக்கொருவர் கோப்பு பகிரும், அழைப்பு இருந்தால் மட்டுமே உள்ளே விடும் டோரன்ட் குழுக்கள். இன்னொன்று, காசு கட்டி நுழையும் யூஸ்நெட், அதாவது செய்திகளும் கோப்புகளும் நிறுவனங்களின் சர்வர்களில் சேர்ந்து கிடக்கும் பழைய வலையமைப்பு. பெங்களூரு அல்சூரில் உள்ள என் வீட்டிலிருந்து சில வருடங்களாக இரண்டையும் பயன்படுத்தி வருகிறேன். புதிதாக வருகிறவர் முதலில் ஒரு சின்னக் குழுவில் சேர வேண்டும், யூஸ்நெட்டுக்கு எடுத்த எடுப்பில் மாதச் சந்தா கட்டக் கூடாது என்பது என் முடிவான கருத்து.

பிட்டோரன்ட் முறையை பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்டார். கோப்பைத் துண்டு துண்டாக்கி, அதை வைத்திருக்கும் பலரிடமிருந்து ஒரே நேரத்தில் வாங்குவதுதான் அதன் வேலை. எல்லோரும் தேடுகிற கோப்புக்குப் பொது டோரன்ட்டே போதும். 1930களின் தட்டு ஒன்றைத் தேடிப் பாருங்கள். பெயர் கிடைக்கும், கோப்பு 97 சதவீதத்தில் நின்றுவிடும். கடைசித் துண்டை வைத்திருந்தவர் எப்போதோ கிளம்பிப் போயிருப்பார்.

மூடிய குழு இந்தக் குறையைத்தான் சரிசெய்கிறது. அங்கே தரும் டோரன்ட் கோப்புக்குள் பிரைவேட் என்று ஒரு குறி இருக்கும். அதைப் பார்த்ததும் மென்பொருள் பொது வழிகளில் ஆள் தேடுவதை விட்டுவிட்டு, குழுவின் டிராக்கர் (யாரிடம் எது இருக்கிறது என்று கணக்கு வைக்கும் சர்வர்) காட்டும் உறுப்பினர்களிடம் மட்டுமே பேசும். டிராக்கர் முகவரியில் உங்களுக்கென்று ஒரு பாஸ்கீ, அதாவது ரகசிய அடையாளக் குறியீடு, ஒட்டியிருக்கும். எடுத்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்ற கணக்கு அதை வைத்துத்தான். எனவே அந்தக் கோப்பை நண்பருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடாதீர்கள். அவர் எடுப்பதெல்லாம் உங்கள் பெயரில் ஏறும், கணக்கும் போய்விடலாம்.

அழைப்பை விலைக்கு வாங்குகிறவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். பெரும்பாலான குழுக்களில் யார் யாரை அழைத்தார் என்ற பதிவு இருக்கிறது. வந்தவர் தப்பு செய்தால் அழைத்தவரையும் கேட்பார்கள். எனக்கு அழைப்பு தந்தவர் ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் ஒரு பெரியவர். தட்டுகளை அவரே கழுவி, ஓட்டி, பதிவு செய்கிறார். "எடுத்துட்டுப் போக நிறைய பேர் வருவாங்க தம்பி. மெஷினை அணைக்காம வெச்சிருக்க முடியுமா, அதை மட்டும் சொல்லு" என்றார். இந்த உலகத்துக்கு அதைவிடச் சரியான நுழைவுத் தேர்வு இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் ஏன் அப்படிக் கேட்டார் என்று புரியும். அரக்கால் செய்த 78 ஆர்பிஎம் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு, மெல்லிய பிரஷ், அவ்வளவுதான். ஊசியும் பின்னால் வந்த எல்பி தட்டுக்குப் போடுவது உதவாது. 78-இன் பள்ளம் அகலமானது, தடித்த ஊசி வேண்டும். எங்கள் குழுவில் பதிவேற்ற லேபிளின் படம், லேபிளை ஒட்டித் தட்டில் பொறித்த மேட்ரிக்ஸ் எண் (பதிவின் அடையாள எண்), இரைச்சல் நீக்காத அசல் பதிவு மூன்றும் கட்டாயம். இரைச்சலைப் பின்னால் யாரும் நீக்கிக்கொள்ளலாம். நீக்கியபோது கூடவே போன குரலைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இப்படி உருவாகும் ஒரு மூன்று நிமிடப் பக்கத்தை, யாரோ எடுத்துவிட்டு உடனே மூடிவிட்டுப் போனால் மனசு கேட்குமா?

ரேஷியோ என்பது கொடுத்ததை எடுத்ததால் வகுத்தால் வரும் எண். புதியவர்கள் இதைக் கண்டு மிரள்கிறார்கள். மிரளத் தேவையில்லை, ஆனால் சின்னக் குழுவில் அது ஏறுவது கஷ்டம் என்பது உண்மை. வெளிநாட்டு சர்வரில் சீட்பாக்ஸ் (கோப்புகளை விடாமல் பகிர்வதற்கான கணினி) வாடகைக்கு எடுத்தவர்கள் புதிதாக வருவதை நிமிடங்களில் கொடுத்து முடித்துவிடுவார்கள்; வீட்டு லைன் அவர்களோடு போட்டி போட முடியாது. அதற்காகப் போட்டியிலும் இறங்க வேண்டாம். ஒரே ஒரு சீடர் (முழுக் கோப்பையும் வைத்துப் பிறருக்குக் கொடுப்பவர்) மட்டும் உள்ள பழைய பதிவுகளாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் சீட் செய்கிறோம் என்பதற்குப் பல குழுக்கள் போனஸ் புள்ளிகள் தருகின்றன. என் கணக்கை நிமிர்த்தியது அதுதான்.

இனி, நம் ஊர் இணைப்புகளில் பெரும்பாலானோர் முட்டிக்கொள்ளும் இடம். எல்லாம் சரியாக இருக்கும், பதிவிறக்கம் பறக்கும், மேலே மட்டும் ஒன்றும் போகாது. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வேன் ஐபி (WAN IP) என்ற வரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். நீங்கள் வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் உங்கள் கதவைத் தட்ட முடியாது. எதிராளியும் அதே நிலையில் இருந்தால் இருவரும் சந்திக்கவே வழியில்லை. அரிய பதிவு ஒன்றின் ஒரே பிரதி உங்களிடம் இருந்தும் பயனில்லாமல் போவது இப்படித்தான்.

என் இணைய நிறுவனத்தின் உதவி எண்ணில் முதலில் பேசியவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. ஸ்டேடிக் ஐபி, அதாவது எனக்கு மட்டுமான மாறாத முகவரி, வேண்டும் என்று நேரடியாகக் கேட்ட பிறகுதான் காரியம் நடந்தது. மாதாமாதம் கூடுதல் பணம்தான், ஆனால் இதற்காகச் செலவழித்ததில் மிக உபயோகமானது அதுவே. அப்புறம் டோரன்ட் மென்பொருளில் ஒரு போர்ட் எண்ணை (இணைப்புகள் உள்ளே வரும் வாசலின் எண்) நிலையாக வைத்து, ரவுட்டரிலும் அதையே திறந்துவிட வேண்டும். மேலேற்றும் வேகத்தை லைனின் 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். முழுவதையும் விட்டால் வீட்டில் யாராவது வீடியோ காலில் பேசும்போது குரல் திக்கும்.

மெஷின் விஷயம் சுலபம். இதற்கென்று கம்ப்யூட்டரை இரவு பகலாக ஓட்ட வேண்டாம். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து 10 வாட்டுக்குள் ஓடுகின்றன. மாதம் சுமார் 7 யூனிட் மின்சாரம். ரவுட்டருக்கு ஒரு குட்டி யூபிஎஸ் போட்டுவிட்டால் கரண்ட் போகும் நேரத்தையும் சமாளிக்கலாம்.

உரிமை விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் உரிமை உண்டு. பாடலை எழுதியவருக்கு ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 வருடம். இரண்டும் தனித்தனி. தியாகராஜ பாகவதரின் 1940களின் பதிவுகளுக்கு ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. ஆனால் அவருக்கு ஏராளமாக எழுதிய பாபநாசம் சிவன் 1973-இல்தான் காலமானார்; அவருடைய வரிகளுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாட்டை கிட்டப்பா போன்றவர்கள் பாடிய தட்டு என்றால் இரண்டு பக்கமும் கவலையில்லை. எங்கள் குழு இரண்டும் முடிந்ததை மட்டுமே ஏற்கிறது. புதுப் படங்களைக் கொட்டி வைத்திருக்கும் குழுக்களும் நிறைய உண்டு; அங்கே போகாதீர்கள்.

யூஸ்நெட் இதற்கெல்லாம் மூத்தது. டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979-இல் யோசித்தது. ஒரு காலத்தில் வெளிநாட்டுத் தமிழர்கள் சோக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் எழுதிக்கொண்டிருந்ததும் இதில்தான். எழுத்துக்காக உருவான அமைப்பு என்பதால் கோப்புகளை எழுத்து வடிவத்துக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும். பழைய முறையில் கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்தது. 2001-இல் வந்த ஒய்என்க் என்ற புது முறை அதை ஓரிரு சதவீதமாகக் குறைத்தது. துண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியல்தான் என்இசட்பி கோப்பு. அதை சாப்என்இசட்பிடி மென்பொருளிடம் கொடுத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். சில துண்டுகள் காணாமல் போயிருந்தாலும், கூடவே வரும் பார்2 கோப்புகள் போதுமானால் கணக்குப் போட்டு மறுபடி உண்டாக்கிவிடும். முதல் முறை அது நடப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

சீட் செய்யும் கடமை இல்லை, சிஜிநாட் தொல்லை இல்லை, லைனின் முழு வேகமும் கிடைக்கும். அப்படியிருந்தும் ஏன் சந்தா வேண்டாம் என்கிறேன்? பழைய வானொலி நிகழ்ச்சிகளுக்கும் 78 தட்டுகளுக்கும் தனிக் குழுக்கள் அங்கே உண்டு, ஆனால் அவை அநேகமாக மேற்கத்திய இசைதான். தமிழ்த் தட்டு தேடுகிறவருக்கு மாதம் முழுக்க வேலை இருக்காது. காலாவதி இல்லாத பிளாக் கணக்கு ஒன்றை, இத்தனை ஜிபி என்று மொத்தமாக வாங்கினால் வெகுகாலம் வரும். இரண்டு நிறுவனங்களில் வாங்குவதானால் அவை வேறுவேறு பேக்போனைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். ஒரே கிடங்கிலிருந்து விற்கும் இரண்டு கடைகளில் வாங்கி என்ன பயன்? இணைப்பை 563-ஆம் போர்ட்டில், குறியாக்கத்தோடு வையுங்கள். பாட்டுக் கோப்பென்று இறங்கியதற்குள் இஎக்ஸ்இ (கணினியில் ஓடும் நிரல்) இருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று உதவும் இடம் ஒன்று உண்டு. எங்கள் குழுவில் 1920களின் ஹவாய் கிட்டார் தட்டுகளின் தொகுப்பு ஒன்று சீடர் யாருமின்றி வெகுநாள் கிடந்தது. பல வருடங்களுக்கு முன் யாரோ அதையே யூஸ்நெட்டில் போட்டிருந்தார்கள். எடுத்து, டோரன்ட் காட்டும் அதே பெயர்களில் ஃபோல்டரில் வைத்து, கியூபிட்டோரன்ட் என்ற டோரன்ட் மென்பொருளில் ஃபோர்ஸ் ரீசெக் (மறுபடி சரிபார்) கொடுத்தேன். ஒவ்வொரு துண்டும் டோரன்ட்டில் பதிந்திருந்த பழைய ஹேஷோடு (துண்டின் கைரேகை போன்ற எண்) பொருந்தி 100 சதவீதம் காட்டியது. அன்று இரவே காத்திருந்தவர்கள் எடுக்கத் தொடங்கினார்கள். குழுவில் ரீசீட், அதாவது மறுபடி பகிரச் சொல்லி, கேட்டு நிற்கும் பட்டியலை இப்போது வாராவாரம் பார்க்கிறேன், பிளாக் கணக்கின் ஜிபி பெரும்பாலும் அதற்குத்தான் செலவாகிறது.