விலை குறைஞ்சிருக்கு, கேன்சல் பண்ணிட்டு மறுபடி போடுங்கன்னு சொன்னால் நம்பாதீர்கள்

ஆன்லைனில் ஒரு பொருளை ஆர்டர் போட்ட பிறகு அதன் விலை குறைந்து, கஸ்டமர் கேரில் கேட்டால் "பழைய ஆர்டரை கேன்சல் பண்ணிட்டு புதுசா போடுங்க சார்" என்று சொன்னால், தயவுசெய்து கேன்சல் செய்யாதீர்கள். அந்தப் பேச்சால் எனக்கு ஆயிரத்துக்கு மேல் போய்விட்டது. போனது கூடப் பரவாயில்லை, பெட்டி வந்ததும் அதில் ஒட்டியிருந்த எம்ஆர்பியைப் பார்த்தேன் பாருங்கள், அதில்தான் வயிறு எரிந்தது.

வாங்கியது குடிதண்ணீர் சுத்திகரிக்கிற ஆர்ஓ மிஷின். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. போர்வெல் தண்ணீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃப்ளோரைடு, ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் வரும். வீட்டில் இருந்த பழைய மிஷின் படுத்துவிட்டது, கேன் தண்ணீருக்குக் காசு கொடுத்து மாளவில்லை. (இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தேடினால் முதலில் வருவதெல்லாம் விலை குறைவான யுவி மிஷின்கள்தான். அது கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடை எடுக்காது. நம்ம ஊருக்கு அது வேலைக்கு ஆகாது, விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.)

நான் பார்த்த மாடலுக்கு எம்ஆர்பி 21,990 என்று போட்டு ஒரு கோடு இழுத்து, கீழே 11,499, 48% தள்ளுபடி, "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. சரி என்று கிரெடிட் கார்டில் நோ காஸ்ட் இஎம்ஐ (வட்டி இல்லை என்று சொல்லித் தருகிற மாதத் தவணை) போட்டு வாங்கினேன். மறுநாள் சாயங்காலம் சும்மா திறந்து பார்த்தால் அதே மிஷின், அதே விற்பனையாளர், 9,799. இரண்டே இரண்டு இருந்த பொருள் ஒரே நாளில் விலை இறங்குகிறது என்றால் அந்தச் சிவப்பு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பெட்டி இன்னும் கிளம்பக்கூட இல்லை, அதனால் வித்தியாசத் தொகையைத் திருப்பித் தர முடியுமா என்று சாட்டில் கேட்டேன். அப்படி ஒரு வசதி இல்லை, ஆனால் கேன்சல் செய்துவிட்டுப் புது விலையில் போட்டுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. கேன்சல் செய்த பிறகும் இதே விலை இருக்குமா என்று தெளிவாகக் கேட்டேன். "இருக்கும் சார், ஆஃபர் ஞாயிறு வரைக்கும் இருக்கு" என்றார்கள். அந்த சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

கேன்சல் ஆனது. பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தேன். 12,899. 9,799க்குக் கொடுத்த விற்பனையாளர் பெயரே காணோம், வேறொரு பெயர் வந்து உட்கார்ந்திருக்கிறது. மறுபடி சாட்டில் போனால் வேறு ஆள், "விலையை விற்பனையாளர்தான் முடிவு செய்கிறார், நாங்கள் எதுவும் செய்ய முடியாது" என்று எழுதி வைத்த பதிலையே திரும்பத் திரும்ப அனுப்புகிறார். கட்டிய பணம் திரும்பி வர ஏழு வேலை நாள் வரை ஆகுமாம். கார்டு பில் வந்தபோது இன்னொன்று தெரிந்தது. கேன்சல் ஆன இஎம்ஐக்கும் புராசஸிங் கட்டணம் 199 ரூபாயும் அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் வங்கி பிடித்திருக்கிறது, அது திரும்பி வரவே இல்லை. நோ காஸ்ட் என்று பெயர்தான். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள், அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி நம் தலையில்தான் விழும்.

விலை ஏறி இறங்குவதையே நான் குற்றம் சொல்லவில்லை. ஒரே மாடலைப் பல பேர் விற்கிறார்கள், ஒருவர் குறைத்தால் இன்னொருவர் விலை தானாகவே மாறும்படி மென்பொருள் வைத்திருக்கிறார்கள், நாளுக்கு நாலு முறைகூட மாறும். பின்கோடுக்குப் பின்கோடும் மாறும். என் போனிலேயே தருமபுரி 636701 போட்டால் ஒரு விலை, ஓசூர் 635109 போட்டால் 700 ரூபாய் குறைவு, ஏனென்றால் அங்கே டெலிவரி தருகிற விற்பனையாளர் வேறு. நம்ம பக்கம் பாதி வீட்டில் ஒருத்தராவது ஓசூரில் வேலை பார்க்கிறார், அவர் ரூமுக்கு அனுப்பிவிட்டு லீவுக்கு வரும்போது எடுத்து வரச் சொல்லலாம். எங்கள் வீட்டில் அதுவரை பொறுக்க முடியாது, கடைசியில் விலை கொஞ்சம் இறங்கியபோது 12,299க்கு வாங்கினேன். அப்போதும் அந்த ஆன்லைன் பக்கத்தில் 44% தள்ளுபடி என்றுதான் இருந்தது.

பெட்டி வந்தது. பக்கவாட்டில் வெள்ளை ஸ்டிக்கர், மாடல் எண், தயாரித்த மாதம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் எம்ஆர்பி 14,990, எல்லா வரிகளும் உட்பட. ஆன்லைன் பக்கத்தில் கோடு போட்டுக் காட்டியது 21,990! அதாவது 44% என்று சொன்னது உண்மையில் 18%. கஸ்டமர் கேரில் கேட்டதற்கு "அது பழைய ஸ்டாக்காக இருக்கும்" என்றார்கள். தயாரித்த மாதமோ போன மாதம். அப்புறம் நாலு ரோடு பக்கம் ஒரு கடையில் விசாரித்தால், அதே மாடல் 11,800, மாட்டிக் கொடுப்பதும் சேர்த்து. "பெட்டியில போட்டிருக்கிற விலையை விட்டுட்டு செல்போன்ல போட்டிருக்கிறதை நம்பினா எப்படி தம்பி" என்று கடைக்காரர் சிரித்தார். ஆன்லைனில் இலவச இன்ஸ்டலேஷன் என்று வந்தவர் ப்ரீ ஃபில்டருக்கும் வால்வுக்கும் தனியாக வாங்கிக்கொண்டுதான் போனார், அதை என்ன சொல்ல.

இப்போது புகார் கொடுத்திருக்கிறேன். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். நம் புகாரை விற்பனைத் தளம் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 இ-காமர்ஸ் விதிகளில் இருக்கிறது, அதனால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மெயில் போட்டு, அந்தத் தேதியைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் காட்டி ஆசைப்படுத்தி வேறொன்றைத் தருவது, இன்னும் இரண்டுதான் இருக்கிறது என்று பொய்யாக அவசரப்படுத்துவது, இரண்டையுமே 2023 நவம்பரில் வந்த டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றுகிற தளத் தந்திரங்கள்) வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. மொத்தம் 13 வகை, எனக்கு நடந்ததில் இரண்டு அப்படியே பொருந்துகிறது. எம்ஆர்பி விஷயம் தனி. அதை நம் ஊரில் பார்ப்பது தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம், ஸ்டிக்கர் போட்டோவையும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து அங்கே மனு கொடுத்தாயிற்று.

1915 வழியாகப் போனதற்கு "விலை மாற்றம் இயல்பானது" என்று ஒரு வரி எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள். எம்ஆர்பி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்தது தருமபுரி நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

பாலக்கோடு, அரூர், காரிமங்கலம் பக்கம் யாராவது சமீபத்தில் ஆன்லைனில் ஆர்ஓ மிஷின் வாங்கியிருந்தால் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கரைப் படம் எடுத்து, ஆன்லைன் பக்கத்தில் காட்டிய எம்ஆர்பியோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.